தாத்தா பேசக்கூடாது

டிரம்மத் தட்டிப் பாக்கான். ரெண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னும் ரெண்டு. கோயில் வாசல்ல நின்னு வாரை இழுத்துக் கட்டுதான் போல, சத்தம் இன்னும் தொளதொளன்னுதான் கேக்கு. மணி ஆறேகால் இருக்கும். இருபத்தி நாலு வருசமா டிசம்பர் இருபத்தி மூணு, இந்த நேரத்துக்கு நான் கோயிலுக்குப் பின்னால சாமான் ரூம்புல நிக்கணும். ஒருத்தன் என் வயித்துல தலையணைய வச்சி கயித்தால இறுக்குவான், இன்னொருத்தன் செவப்பு அங்கியத் தலை வழியா விடுவான், கடைசியா அந்த ரப்பர் மூஞ்சி. எவ்வளவு துவைச்சாலும் போன வருசத்து வேர்வை அதுக்குள்ள உக்காந்துதான் இருக்கும். கண்ணுக்கு ரெண்டு ஓட்டை, மூக்குக்கு ரெண்டு ஓட்டை, வாய்க்கு ஓட்டை கெடையாது. கிறிஸ்மஸ் தாத்தா பேசக்கூடாதுல்லா. இப்போ வீட்டுல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து, ரெண்டு முட்டிக்கும் தைலத்தத் தேய்ச்சி, கால முக்காலி மேல தூக்கி வச்சிருக்கேன். நல்லாதான் இருக்கு. பொய் சொல்லல, நல்லாதான் இருக்கு. முப்பத்தோரு வருசம் கண்டக்டரா பஸ்ஸுல நின்ன காலு. திருநெல்வேலியில இருந்து திருச்செந்தூர், திருச்செந்தூர்ல இருந்து திருநெல்வேலி, அப்படியே ஆயுசு போச்சி. ரிட்டையர் ஆன அன்னைக்கு மாலை போட்டாங்க, சால்வை போட்டாங்க, அன்னைக்கும் நிக்கத்தான் விட்டாங்க. அதனால போன மாசம் கோயில் சேகரக் கமிட்டியில செக்ரட்டரி கனகராஜ் வாத்தியார் தொண்டையச் செருமி, "அண்ணாச்சி தப்பா நெனைக்கப்பிடாது, போன வருசம் ஆடுதப்ப ரெண்டு எடத்துல தடுமாறிட்டீங்க, இந்த வருசம் நம்ம பிரின்ஸ் போடட்டுமே"ன்னு இழுத்தப்ப எல்லாவனும் என் மூஞ்சியப் பாத்தான், இவன் இப்பக் குதிப்பான்னு. நான் சந்தோசம்னு சொன்னேன். மறு ஞாயித்துக்கிழமையே அங்கி, தலையணை, பெல்ட்டு, மூஞ்சி எல்லாத்தையும் மடிச்சி ஜவுளிக்கடைப் பையில போட்டுக் குடுத்துட்டேன். பிரின்ஸ் மொபைல் கடையில வேலை பாக்கான், முப்பது வயசு, இடுப்ப வளைச்சி நல்லா ஆடுவான். குடுத்துட்டு வந்து மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்கினேன். அப்படித் தூங்கி ரொம்ப நாளாச்சி.

டிரம் கெளம்பிட்டு. வீடு வீடாப் போயிக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடுத கேரல், முதல்ல கீழத்தெரு, பொறவு நடுத்தெரு, கடைசியா எங்க மேலத்தெரு, அதுலயும் கடைசி வீடு என் வீடு. அது எனக்காகப் போட்ட வழி. ஆடி முடிச்சி நேரா என் வீட்டுக்குள்ள வந்து மூஞ்சியக் கழத்திப் போட்டுட்டு வெந்நியில காலு வைக்கலாமுன்னு நானே செக்ரட்டரிகிட்டச் சொல்லி வச்ச வழி. ஆளு மாறினாலும் வழி மாறல. கண்ண மூடிக்கிட்டாலும் எந்த வீட்டுல நிக்காங்கன்னு என்னால சொல்ல முடியும். இப்போ நாய் கொரைக்கி, அது எபநேசர் வீடு. அந்த வீட்டு நாயி இருபத்தி நாலு வருசத்துல மூணு தலமுறையும் என்னப் பாத்துக் கொரைச்சிருக்கு. பாட்டு ஒண்ணு, ஜெபம் ஒண்ணு, அதுக்குப் பொறவு தாத்தா வீட்டுல இருக்க ஒவ்வொருத்தருக்கும் கை குடுக்கணும். கைப்பிள்ளையில இருந்து படுக்கையில கெடக்கவங்க வரைக்கும் ஒருத்தரையும் விடக்கூடாது, ஒரு வீட்டையும் தாண்டக்கூடாது. உள்ள இருக்கது ஜெபசிங்னு ஊருக்கே தெரியும். நடையப் பாத்தாத் தெரியும், செருப்பப் பாத்தாத் தெரியும். ஆனா ஒருத்தரும் பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. அப்படிக் கூப்பிடுதது மரியாதை இல்ல. என் பொண்டாட்டி குளோரியே தாத்தா வாங்கன்னுதான் சொல்லுவா, சிரிக்காமச் சொல்லுவா. மூஞ்சிய மாட்டிட்டா நான் நானில்ல, நான் குடுக்க கை என் கையில்ல. அத வச்சித்தான் பதினோரு வருசமா ஒரு காரியம் ஓடிக்கிட்டு இருந்திருக்கு. அத ஓட்டினது நாந்தான்னு இன்னைக்கு மத்தியானம் மூணு மணி வரைக்கும் எனக்கே ஒறைக்கல பாருங்க.

மூணு மணிக்குக் குளோரி மில்லுல இருந்து அரிசி மாவோட வந்தா. அச்சுமுறுக்குக்கு. மாவுச் சம்படத்த எறக்கி வச்சிட்டு, சீலைத் தும்பால கழுத்தத் தொடச்சிக்கிட்டே, "தனசிங் தம்பி வீட்ட வித்துட்டாங்களாம், இருபத்தேழாந்தேதி லாரி வருதாம்"னா. ஏட்டி, யாரு சொன்னான்னு கேட்டேன். "ரூபாவதியே சொன்னா. பூனாவுல மகன் வீடு வாங்கிட்டானாம், ரெண்டு பேரையும் வந்துருங்கன்னுட்டானாம். இனி இங்க வந்து என்ன செய்ய, எல்லாத்தையும் ஏத்திட்டுப் போறோம்க்கான்னு மில்லுல வச்சி அழுதா." தனசிங் என் தம்பி. எனக்கு ஒரே தம்பி. ரூபாவதி அவன் பொண்டாட்டி. பொம்பளைங்க ரெண்டு பேரும் சண்டை போட்டதே கெடையாது. மில்லுல பேசுவாங்க, பைப்படியில பேசுவாங்க, ஜெபக்கூட்டத்துல ஒரே பாயில உக்காருவாங்க. அவனுக்குச் சர்க்கரை எவ்வளவுன்னு எனக்குத் தெரியும், என் முட்டிக்கு எந்த டாக்டருன்னு அவனுக்குத் தெரியும். நாங்க ரெண்டு பேருந்தான் பேசுறதில்ல. மூணு வீடு தள்ளித்தான் இருக்கான், நடுவுல ரெண்டு வீடும் பூட்டிக் கெடக்கு, ஒண்ணு சென்னைக்காரன், ஒண்ணு பம்பாய்க்காரன். அவன் வாசலத் தாண்டப்பிடாதுன்னு நான் பஸ் ஸ்டாப்புக்கு மேக்கால சுத்திப் போவேன். கோயில்ல அவன் இடது பக்கம், நான் வலது பக்கம். திருவிருந்துக்கு முழங்கால் போடையில ஒரே வரிசையில மாட்டிக்கிட்டா ஒருத்தன் செருப்பத் தேடுத மாதிரி பின்னால தங்கிருவோம். கோயில்ல ஆராதனை நடத்துத ஐயருக்கு இது தெரியும். அந்த ஐயரே பதினோரு வருசத்துல மூணு பேரு மாறிட்டாங்க.

நடுத்தெருவுக்குத் திரும்பிட்டாங்க. சிங்கி சத்தம் இப்போ சுத்தமாக் கேக்கு. உள்ள எண்ணெய் காஞ்ச வாசம், அச்ச எண்ணெயில முக்குத சத்தம். குளோரி அடுப்படியில இருந்தே கேக்கா, "இப்ப எந்த வீடு?" நான் டெய்லர் வீடுங்கேன். அவளுக்கு ஒண்ணும் டெய்லர் வீடு வேண்டாம், நான் என்ன நெனைக்கேன்னு அவளுக்குத் தெரியும், அதுக்குத்தான் கேக்கா. சண்டை வந்த வருசம் கேரல்ல நான் அவன் கேட்டுக்கு முன்னால நின்னுட்டேன். காலு போகல. பின்னால டிரம் அடிக்கவன் இடிச்சிக்கிட்டு வந்து நிக்கான், ஒரு வீட்டத் தாண்டக்கூடாதுன்னு சட்டம் வேற. சரின்னு ஆடிக்கிட்டே உள்ள போயிட்டேன். பிள்ளைங்களுக்குக் கை குடுத்தேன், ரூபாவதிக்குக் குடுத்தேன். அவன் தூணப் பிடிச்சிக்கிட்டு நின்னான். நான் கைய நீட்டினேன். அவன் பாத்தான், ரப்பர் மூஞ்சியப் பாத்தான், பொறவு நீட்டினான். அஞ்சு விரலும் விறைச்சிக் கெடந்துச்சி. மறு வருசம் கொஞ்சம் எளகிச்சி. ஒரு வருசம் அவன் உள்ளங்கையில கருப்பட்டி ஒட்டியிருந்துச்சி, முந்திரிக்கொத்து உருட்டிக்கிட்டு இருந்தவன் அப்படியே எந்திரிச்சி வந்திருக்கான், எனக்கு வீடு வர்ற வரைக்கும் அந்தப் பிசுபிசுப்பு. அவன் மகன் பூனாவுக்கு வேலைக்குப் போன அந்த வருசம் விடவே மாட்டேன்னுட்டான், டிரம் ஒரு பாட்டு முடிஞ்சி அடுத்த பாட்டுக்குப் போற வரைக்கும் பிடிச்சிக்கிட்டே நின்னான். கொரோனா வருசம் கேரல் இல்லன்னுட்டாங்க. அன்னைக்குச் சாயந்தரம் இதே சேர்ல உக்காந்து கைய எங்க வைக்கன்னு தெரியாம உக்காந்திருந்தேன். அப்பவாவது விளங்கியிருக்கணும். விளங்காம, கை மரத்துப் போவுது சுகர் டெஸ்ட் எடுக்கணும்னு குளோரிகிட்டச் சொன்னேன். மொத்தம் பத்துத் தடவை. பதினோரு வருசத்துல பத்துத் தடவை எந் தம்பியத் தொட்டிருக்கேன். ஊர விட்டுப் போறதுக்கு முன்னால இன்னைக்கும் நான் தொட்டிருக்கணும், அந்தத் தடவைய ஜவுளிக்கடைப் பையில போட்டு பிரின்ஸுகிட்டக் குடுத்துட்டேன், முட்டி வலிக்கின்னு.

அது ஒரு கல்லுல வந்த சண்டை. அப்பா கல்லறைக் கல்லு. அப்பா பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில பத்தொன்பது நாள் கெடந்தாங்க. தனசிங் அப்போ பம்பாய்ல பலசரக்குக் கடை வச்சிருந்தான், கடைய ஒப்படைக்க ஆளு இல்ல, டிக்கெட் கெடைக்கல, நாளைக்கு வாறேன், நாளன்னைக்கு வாறேன். நான் பகல்ல டூட்டி, ராத்திரி அப்பா கட்டிலுக்குக் கீழ பேப்பர விரிச்சிப் படுத்தேன். பத்தொன்பது நாளும் நான் ஒழுங்காத் தூங்கல. அப்பா செத்து மறுநாள் சாயந்தரம் வந்தான், அடக்கம் முடிஞ்சி எல்லாரும் காப்பி குடிச்சிக்கிட்டு இருக்கையில. வந்து அழுதான். நான் அவன் தோளத் தொடல. வருசம் திரும்பையில கல்லு வைக்கணும்னு நாந்தான் போனேன். பேரு, பெறந்த நாள், இறந்த நாள் எல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தேன். கடைசியில அன்பு மகன் ஜெபசிங். அவ்வளவுதான் எழுதினேன். மறந்துட்டேன். டூட்டி முடிஞ்சி அப்படியே போனேன், தல சுத்திக்கிட்டு இருந்துச்சி, மறந்துட்டேன். இதத்தான் குளோரிகிட்டச் சொன்னேன், ஐயருகிட்டச் சொன்னேன், மூணு ஐயருகிட்டயும் இதத்தான் சொன்னேன். தனசிங் பம்பாய விட்டு ஊரோட வந்த வருசம், ஈஸ்டர் அன்னைக்கு விடியக்காலம் எல்லாரும் மெழுகுவர்த்தியோட கல்லறைத் தோட்டத்துல நிக்கையில அதப் பாத்தான். குனிஞ்சி வெளிச்சத்தக் கிட்டக் கொண்டு போயி வாசிச்சான். "அப்பாவுக்கு ஒரே பிள்ளையா"ன்னு கேட்டான். சத்தமாக் கூட கேக்கல. மறந்துட்டேம்லேன்னு சொல்லியிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும். நான் என்ன சொன்னேன்? "ஆஸ்பத்திரியில ஒரே பிள்ளைதாம்ல இருந்தான்"னு சொன்னேன். ஊரே நின்னு கேட்டுச்சி. அவன் மெழுகுவர்த்திய ஊதிட்டு நடந்தான். மறந்தவன் அப்படியா சொல்லுவான்? இத யோசிக்க ஆரம்பிச்சா நான் எப்பவும் எந்திரிச்சி தண்ணி குடிக்கப் போயிருவேன். இன்னைக்கு எந்திரிக்க முடியல, முட்டி.

"போய்ப் பாத்துட்டுத்தான் வாங்களேன்"ங்கா குளோரி. கரண்டியோட வந்து நிக்கா, நெத்தியெல்லாம் மாவு. "மூணு வீட்டுக்கு முட்டி வலிக்காது. கேரல் வர்றதுக்கு முன்னால போயிட்டு வந்துரலாம்." நான் நாளைக்குப் போறேங்கேன். நாளைக்கு மக வாறா சென்னையில இருந்து, வீடு நிறையப் பிள்ளைங்க, நாளைக்கு எங்க போக. நாளன்னைக்குக் கிறிஸ்மஸ். "நீங்களும் நாளைக்கு நாளன்னைக்குன்னுதான் சொல்லுதீங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. வேணும்னே சொன்னாளா தெரியாமச் சொன்னாளான்னு தெரியல. குளோரி தெரியாம ஒண்ணுஞ் சொல்ல மாட்டா. எந்திரிச்சிட்டேன். ஆணியில கெடந்த சட்டைய எடுத்துப் போட்டேன். பட்டன் ஒண்ணு மாறிப்போச்சி, அவுத்துத் திரும்பப் போட்டேன். கேட்டு வரைக்கும் போயி நின்னேன். தெருவுல பனி எறங்க ஆரம்பிச்சிட்டு. வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்குது, அவன் வீட்டுலயும் தொங்குது, காலி பண்ணப் போறவன் எதுக்கு ஸ்டார் கட்டினான்? போயி என்ன சொல்ல? போறியாமேன்னு கேக்கவா? ஆமாம்னு சொல்லுவான். பொறவு? அந்த வாசப்படிய நான் பத்துத் தடவை ஏறியிருக்கேன், பத்துத் தடவையும் ரெண்டு ஓட்டை வழியாத்தான் பாத்திருக்கேன். அவன் வீட்டுச் சொவத்துல என்ன கலருன்னு முழுசாத் தெரியாது எனக்கு. என் மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க எப்படி நிக்கன்னு தெரியல. நேரா நடுத்தெருவுக்குப் போயி, பிரின்ஸக் கூப்பிட்டு, ஒரே ஒரு வீட்டுக்கு அங்கியக் குடுடேன்னு கேட்டா என்னன்னு கூட நெனச்சேன். அறுபத்தி ரெண்டு வயசுல ரோட்டுல நின்னு துணி கேட்டா நல்லா இருக்குமா? திரும்பி வந்து உக்காந்துட்டேன். எல்லாத்துலயும் நான் இப்படித்தான், அலுப்பு வந்தா விட்டுருவேன். அலுப்புன்னு பேரு வச்சிக்கிடுவேன். கல்லு கொத்துற ஆளு தாளத் திருப்பிப் பாத்துட்டு என்கிட்ட ஒண்ணு கேட்டான். இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. "அவ்வளவுதானா சார், கீழ இன்னும் எடம் கெடக்கே"ன்னான். நான் அவ்வளவுதான்னேன். இப்பவும் அந்தக் கல்லுல என் பேருக்குக் கீழ ஒரு சாண் சும்மாதான் கெடக்கு.

மேலத்தெருவுக்குள்ள வந்துட்டாங்க. கட்டிலோட கெடக்குத ரத்தினம்மா வீட்டுல பாட்டு, முடிஞ்சிட்டு. அடுத்தது இரும்புக் கேட்டு கிரீச்சுன்னு தொறக்கி. அது அவன் கேட்டு, பத்து வருசமா எண்ணெய் விட மாட்டேங்கான். டிரம் உள்ள போச்சி. பாட்டு. ஆடுத பாட்டு, பிரின்ஸ் நல்லாதான் ஆடுவான், அவன் வீட்டுல சின்னப் பிள்ளைங்க இல்ல இப்ப, யாரு சிரிப்பா? பாட்டு முடிஞ்சிட்டு. ஜெபம். இப்போ கை குடுப்பான். முதல்ல ரூபாவதிக்குக் குடுப்பான். இப்ப அவனுக்கு. தனசிங் கைய நீட்டியிருப்பான். என் கைன்னு நெனச்சித்தான் நீட்டியிருப்பான். பிடிச்ச ஒடனே தெரிஞ்சிரும், பிரின்ஸுக்கு மெத்துன்னு கை, டிக்கெட் கிழிச்ச கை இல்ல. போறவன் மூஞ்சிய பாக்கக்கூட வரலன்னு நெனைப்பான். இந்தக் கையும் வேண்டாம்னுட்டானேன்னு நெனைப்பான். நெனைக்கட்டும், என்ன செய்ய முடியும் நான் இப்ப? டிரம் இன்னும் கெளம்பல. சாதாரணமா ஒரு வீட்டுக்கு அஞ்சு நிமிசம். கடிகாரத்தப் பாக்கேன், எட்டு நிமிசம். பத்து. பாட்டும் இல்ல, பேச்சும் கேக்கல, சிங்கிய ஒருத்தன் கீழ வச்ச சத்தம் மட்டும். சர்க்கரைக்காரன், காலையில இருந்து சாமான் கட்டியிருப்பான், மயங்கி விழுந்துட்டானோ? விழுந்தா ரூபாவதி சத்தம் போட்டிருப்பாளே. அப்பாவுக்கும் இப்படித்தான், ஒரு நாள் சாயந்தரம் சும்மா பேசிக்கிட்டு இருக்கையில விழுந்தாங்க. கல்லுல பேரு இல்லாமலே போயிருவானோ, பூனாவுல எங்கயோ யாருக்கும் தெரியாத எடத்துல அவனப் பொதைச்சி, அங்கயும் நான் இருக்க மாட்டேன், டிக்கெட் கெடைக்காது, நாளைக்கு வாறேன், நாளன்னைக்கு வாறேன். குளோரி அடுப்ப அணைச்சிட்டு வந்து என் பக்கத்துல நின்னுட்டா. அவளும் கடிகாரத்தத்தான் பாக்கா. "என்ன இவ்வளவு நேரம்"ங்கா.

டிரம் கெளம்பிட்டு. மெதுவா வருது, ஆடுத அடி இல்ல, நடக்குததுக்கு அடிக்குத அடி. பூட்டின ரெண்டு வீட்டையும் தாண்டி நேரா எங்க கேட்டு. முதல்ல ரெண்டு மூணு பொம்பளப் பிள்ளைங்க பாட்டுப் பொஸ்தகத்தோட வந்தாங்க. பின்னால பனியன் நனைஞ்சி முதுகோட ஒட்டிக் கெடக்க, தலைமயிரு ஈரமா, கன்னத்துல ரப்பர் அழுத்தின கோடு கோடா ஒருத்தன் சிங்கிய வச்சிக்கிட்டு வந்தான். பிரின்ஸ். என்னப் பாத்தான், ஒடனே தரையப் பாத்தான். பிரின்ஸ் இங்க நிக்கான்னா தாத்தா யாரு? தாத்தா அவனுக்குப் பின்னால வந்தாரு. ஆடல. ஒரு கை கனகராஜ் வாத்தியார் தோள்ல, ஒரு கை சொவத்துல. அங்கி தரையில பெரளுது. தலையணையச் சரியாக் கட்டத் தெரியல, ஒரு பக்கமா எறங்கிக் கெடக்கு. வாசப்படியில காலத் தேடித் தேடி வச்சாரு, உள்ள இருந்து பாத்தா காலு தெரியாது, அது எனக்குத் தெரியும். வாத்தியார் மேல பாக்காரு, கூரையில என்னமோ இருக்க மாதிரி. பேரச் சொல்லக்கூடாது. குளோரிதான் முந்தானையால வாயத் தொடச்சிக்கிட்டு, "தாத்தா வாங்க"ன்னா. அவ குரல் வழக்கம் போல இல்ல. பாட்டுப் பாடினாங்க. எந்தப் பாட்டுன்னு எனக்குத் தெரியல. நான் எந்திரிச்சி நின்னேன், முட்டி வலிச்சிதா இல்லையான்னு கூட தெரியல. ஜெபம் முடிஞ்சி ஆமென் சொன்ன ஒடனே தாத்தா கைய நீட்டினாரு.

பிடிச்சேன். தனசிங்தான். ரப்பருக்குள்ள அவன் மூச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு வருது, மூக்கு ஓட்டையில ஈரம். இந்தப் பக்கம் நின்னு அவனப் பிடிக்கிறது எனக்கு இதுதான் முதல் தடவை. பத்து வருசமும் நான் உள்ள இருந்தேன், என்னால பேச முடியாது, சட்டம். அவன் வெளிய நின்னான், அவன் பேசியிருக்கலாம், பேசலியேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு வருத்தம் உண்டு, இப்ப ஒத்துக்கிடுதேன். இன்னைக்கு அவன் வாய மூடிக்கிட்டு வந்து நிக்கான். வெளிய நிக்கது நான். வீட்டுக்காரன் தாத்தாகிட்ட என்ன வேணும்னாலும் பேசலாம், பிள்ளைங்க பொம்மை கேக்கும், பொம்பளைங்க மகளுக்கு மாப்பிள்ளை கேக்கும், எல்லாரும் சிரிப்பாங்க. டிரம்காரன் குச்சியத் தூக்கிட்டு நிக்கான், நான் கைய விட்டா அடிச்சிட்டுப் போயிருவான். நான் விடல. "தாத்தா"ன்னேன். "தாத்தா, எங்க அப்பா கல்லுல எந் தம்பி பேரு விட்டுப்போச்சி." அந்தக் கை அசையல. விட்டுப்போச்சின்னா அதுவும் பொய்தான, இப்பவும் பொய் சொன்னா இனி எப்ப நெசத்தச் சொல்ல? "விட்டுப்போகல. எடம் இருந்துச்சி. நாந்தான் வேணும்னே விட்டேன்"னேன். குளோரி என்னத் திரும்பிப் பாத்தா. மூணு ஐயர்கிட்டயும் நான் சொன்னது அவளுக்கும் தெரியும்.

உள்ள இருந்து சத்தம் வந்துச்சி. ரப்பர் தாண்டி வந்ததால கெணத்துக்கு அடியில இருந்து யாரோ பேசுத மாதிரி இருந்துச்சி. இருபத்தி நாலு வருசத்துல தாத்தா ஒரு வார்த்தை பேசினதில்ல எங்க ஊர்ல. "தெரியும்ணே"ன்னான். "கல்லக் கண்ட அன்னைக்கே தெரியும்." அதுக்கு மேல இருமல் வந்துட்டு அவனுக்கு. பிரின்ஸ் மூஞ்சியக் கழத்த வந்தான், இவன் வேண்டாம்னு கையக் காட்டினான், மத்தக் கை என்கிட்டதான் இருந்துச்சி. கேரல் பிள்ளைங்க ஒண்ணும் புரியாம ஒண்ண ஒண்ணு பாத்துக்கிடுதுங்க. வாத்தியார் மூக்கத் தொடைக்காரு. குளோரி உள்ள போயி அச்சுமுறுக்குத் தட்ட எடுத்துட்டு வந்து யாருக்குக் குடுக்கன்னு தெரியாம நிக்கா. எனக்கு உக்காரணும் போல இருந்துச்சி, உக்காந்தா கைய விடணும், நின்னேன். கல்ல மாத்திருதேன்னு சொல்லலாமுன்னு வாய் வரைக்கும் வந்துச்சி, அதுக்குள்ள அவன் ஊர்லேயே இருக்க மாட்டானே.

"லாரி எத்தன மணிக்குல?"

"காலையில அஞ்சு."

"நாலரைக்கு வாறேன். பீரோவ நீ ஒத்தையில தூக்கிராத."